மானேஜர் அறைக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

போன வாரம் தபாலில் ஓர் அழைப்பிதழ் வந்தது. வழவழப்பான காகிதம், மேலே குத்துவிளக்குப் படம், கீழே மயிலாப்பூர் மாதர் சங்கம் ஒன்றின் பெயர். ஆண்டு விழாவாம். நானும் ஐந்து நிமிஷம் பேச வேண்டுமாம். தலைப்பு — 'பெண்மையைப் போற்றுவோம்'.

போற்றலாம், அதற்கென்ன? காபியை உறிஞ்சிக்கொண்டே, அக்கிராசனம் வகிப்பவர் யார் என்று பார்த்தேன். புரையேறிவிட்டது.

அவரேதான். தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில் இருக்கும் மருந்து ஏஜென்ஸியின் மானேஜர். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் வக்கீல் நோட்டீஸ் எனக்கு வராது, நம் பத்திரிகை ஆசிரியருக்குப் போகும். அந்த மனுஷர் ஏற்கெனவே என் பத்தியால் பாதித் தலை நரைத்தவர்.

இந்த மானேஜரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுதந்திரம் வந்த மறுநாளே கதருக்கு மாறியவர். எந்தச் சபாவில் கூட்டம் என்றாலும் முதல் வரிசையில் இருப்பார். மைக் கிடைத்தால் பெண்களைத் தாய் என்பார், தெய்வம் என்பார், கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்வார். இவரிடம் வேலை பார்க்கும் பெண்கள் என்ன சொல்வார்கள்? அதை நான் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி இருப்பவள் சரோஜா. அப்பா பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார். தம்பிகள் இருவரும் படிக்கிறார்கள். சரோஜா டைப்பும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்து, அந்த மருந்து ஏஜென்ஸியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தாள். அந்த வீட்டு அடுப்பு எரிவது அவள் விரல்களால்தான்.

ஒரு நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, நின்றுகொண்டே சொன்னாள். வேலை போய்விட்டதாம். காரணம்? 'டைப் அடிப்பதில் தொடர்ந்து கவனக்குறைவு.'

சரோஜாவின் டைப்பை எனக்குத் தெரியும். என் கோழிக்கிறுக்கலை அச்சுக்குப் போகிற மாதிரி ஆக்கிக் கொடுப்பவள் அவள்தான். தேடினாலும் ஒரு பிழை அகப்படாது. "நிஜக் காரணத்தைச் சொல்லுடி" என்றேன்.

சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மானேஜர் டிக்டேஷனுக்குக் கூப்பிடுவாராம். நாற்காலி இருக்கும்; உட்காரச் சொல்ல மாட்டாராம். பக்கத்தில் வந்து நில், இன்னும் பக்கத்தில் வா என்பாராம். தோளில் கை வைத்துக்கொண்டு இருமல் மருந்துக்கு விலை சொல்வாராம். ஒரு நாள் அந்தக் கை தோளோடு நிற்கவில்லை. இவள் அதைத் தட்டிவிட்டு வெளியே வந்துவிட்டாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் கவனக்குறைவு என்கிற வியாதி. தினம் ஒரு கடிதத்தில் பிழை, தினம் ஒரு மெமோ. கடைசியில் சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

"ஆத்துல சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"அப்பாகிட்ட எப்படி மாமி சொல்றது? எழுந்து போய் ஒரு வார்த்தை கேக்கக்கூட முடியாதவர். அவருக்குத் தெரிஞ்சா அதை நெனச்சே உசிரை விட்டுடுவர்."

எனக்கு வந்த கோபத்தில் அப்போதே பஸ் ஏறியிருப்பேன். செருப்பைக்கூடத் தேடினேன். சரோஜாதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவளுக்கு வேண்டியது சண்டை அல்ல, வேலை. வேறு ஆபீஸ் எங்கே போனாலும் முதல் கேள்வி, பழைய இடத்தை ஏன் விட்டாய் என்பதுதான். டிஸ்மிஸ் ஆன பெண் என்றால் அடுத்த கேள்வியை வாயால் கேட்க மாட்டார்கள், கண்ணால் கேட்பார்கள்.

தெருவில் அதற்குள் யோசனைகள் கிளம்பிவிட்டன, டிராயிங் மாஸ்டர் காதில் விழாதபடி என்னிடம்தான். யார் சொன்னார்களோ, எப்படிக் கசிந்ததோ! 'பெண்ணை வேலைக்கு அனுப்பினால் இப்படித்தான்' என்றது ஒரு வீடு. 'சீக்கிரம் ஒரு கல்யாணத்தைப் பண்ணி அனுப்பிவிடுங்கள்' என்றது இன்னொரு வீடு. படுத்த படுக்கையில் இருக்கும் டிராயிங் மாஸ்டருக்கும், பரீட்சைக்குப் படிக்கும் பையன்களுக்கும் யார் சோறு போடுவது என்று இரண்டு வீடும் சொல்லவில்லை. அந்த மானேஜரைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. மழை பெய்தால் நனைவது போல, ஆண் பிள்ளை என்றால் அப்படி இப்படி இருப்பான், பெண்தான் குடை பிடிக்க வேண்டும் — இதுதானே இந்த ஊரின் சாஸ்திரம்?

லஸ் பக்கத்தில் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார். சரோஜாவை அழைத்துக்கொண்டு அவரிடம் போனேன். நல்ல மனுஷர், முழுக்கக் கேட்டார். கையைப் பிடித்ததற்கும் தொட்டதற்கும் பீனல் கோடில் பிரிவு உண்டு என்றார். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். ஆனால் போலீஸுக்குப் போக வேண்டும். பிறகு கூண்டில் ஏறி, எங்கே தொட்டான், எப்படித் தொட்டான், நீ ஏன் கத்தவில்லை என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். மறுநாள் பேப்பரில் வரும். தொட்டவன் பெயர் ஒரு வரி, தொடப்பட்டவள் கதை ஒரு பத்தி.

சரோஜா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

வக்கீல் யோசித்தார். இன்னொரு வழி இருக்கிறது என்றார். கடை, கம்பெனிச் சிப்பந்திகளுக்காகப் புதிதாக ஒரு சட்டம் வந்திருக்கிறதாம். தகுந்த காரணம் இல்லாமல் வேலையை விட்டு நீக்கினால் அப்பீல் செய்யலாமாம். அதிகாரி விசாரித்துக் காரணம் பொய் என்று கண்டால், நீக்கியது செல்லாது.

"அப்போ மானேஜர் பண்ணினதுக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்கு இந்தச் சட்டத்துல பேரே கிடையாது, மாமி. டைப் சரியா அடிச்சாளா இல்லையாங்கறதுதான் கேஸ்."

எப்படி இருக்கிறது? வீட்டில் திருடன் புகுந்தான் என்று போனால், திருடனைப் பற்றிப் பேசாதே, பூட்டு நல்ல பூட்டா என்று மட்டும் விசாரிக்கிறோம் என்கிறார்கள். ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு இது மேல். அப்பீல் போட்டோம்.

சாட்சிக்கு அழைத்தபோது ஏஜென்ஸிச் சிப்பந்திகள் ஒருவர்கூட அதிகாரியின் ஆபீஸ் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஒருவருக்கு ஜுரம், ஒருவருக்கு மைத்துனர் கல்யாணம், ஒருவருக்கு அமாவாசை. கடைசியில் அதிகாரி, நானே அங்கே வந்து விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். சரோஜாவும் வர வேண்டும் என்று தகவல் வந்தது. தனியாக அனுப்புவேனா? நானும் பஸ் ஏறினேன்.

ஏஜென்ஸி ஒரு நீளமான ஹால். இரண்டு பக்கமும் மேஜைகள், மூலையில் மருந்துப் பெட்டிகள், எங்கும் கற்பூர வாசனை. ஹாலின் கோடியில் மானேஜர் அறை. அதற்குத் தேக்கு மரத்தில் ஒரு ஸ்பிரிங் கதவு. தள்ளிக்கொண்டு போனால் தானாக மூடிக்கொள்ளும். சரோஜாவும் நானும் ஹாலில் போட்டிருந்த பெஞ்சியில் உட்கார்ந்தோம். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் அன்றைக்கென்று தலைபோகிற வேலை.

அதிகாரி வந்தார். ஒல்லியாக, மூடிய கோட்டுப் போட்டு, சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர் போல இருந்தார். மானேஜர் ஓடி வந்து கும்பிட்டார். ஹோட்டலிலிருந்து இட்டிலி, வடை, காபி எல்லாம் வந்து மேஜை மேல் காத்துக்கொண்டிருந்தது.

"விசாரணை முடியற வரைக்கும் இங்கே நான் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கறதில்லே" என்றார் அதிகாரி. வடை திரும்பிப் போயிற்று. எனக்கு அவரிடம் முதல் மரியாதை அப்போதுதான் வந்தது.

மானேஜரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அவர் அறையிலேயே அதிகாரி உட்கார்ந்துகொண்டார். மானேஜர் ஹாலில் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, பேப்பரைப் பிரித்து விசிறிக்கொண்டார். எங்களைப் பார்த்து ஒரு புன்சிரிப்பு வேறு. மேடைச் சிரிப்பு.

ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். ஹெட் கிளார்க் வேதாந்தம் முதலில் போனார். நெற்றி நிறையத் திருமண், மயிலாப்பூரில் எல்லாருக்கும் தெரிந்த பெரிய மனுஷர். அப்புறம் டெஸ்பாட்ச் குமாஸ்தா ஒருவர். கடைசியில் பியூன் காதர் பாய். கதவைத் தாண்டி எங்கள் காதிலேயே விழுந்தது, மூன்று பேரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள் — மானேஜர் தங்கமான மனுஷர், அந்தப் பெண் டைப்பில் ஏதோ தவறு செய்ததாகக் கேள்வி, மற்றபடி எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இவாளோடயா இத்தனை நாள் உக்காந்து வேலை பார்த்தே?" என்று சரோஜாவின் காதில் சீறினேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "எல்லாரும் நல்லவாதான் மாமி. வாயைத் திறக்க மாட்டா, அவ்வளவுதான்."

நல்லவர்கள்! இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. ஆனால் அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது அடுத்த பத்து நிமிஷத்தில் எனக்கே தெரிந்தது.

கேட்ட சாட்சியங்களைச் சொல்லிச் சுருக்கெழுத்தில் எழுத வைக்க ஆள் வேண்டும் என்று அதிகாரி கேட்டார். சரோஜாவின் இடத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த டைப்பிஸ்ட்டைக் கூப்பிட்டார்கள். சாந்தோமிலிருந்து வரும் பெண், ஸ்டெல்லா என்று பெயர். சின்னப் பெண், பள்ளிக்கூடம் விட்டு வந்த முகம். நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஸ்பிரிங் கதவு மூடிக்கொண்டது.

காதர் பாய் எழுந்தார். பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டுகொண்டு, கதவைத் தள்ளி உள்ளே போனார். வெளியே வந்தார். உட்கார்ந்தார்.

யாரும் தண்ணீர் கேட்கவில்லையே என்று நினைத்தேன். அந்த மனுஷர்தான் பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்றாரே?

சற்று நேரத்தில் டெஸ்பாட்ச் குமாஸ்தா எழுந்தார். டிராயரைத் திறந்து ஒரு சாவியை எடுத்தார். உள்ளே போனார். கிர்ர் கிர்ர் என்று சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, சாவியை டிராயரில் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து பெட்டிக்கு லேபிள் ஒட்டினார்.

பெஞ்சியில் என் பக்கத்தில் இருந்த சரோஜா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போனப்புறமும் நிறுத்தலையா இவா?" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மானேஜர் அறைக்குள் ஒரு பெண் தனியாகப் போனால், இவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே போவார்கள். தண்ணீர், சாவி, ஃபைல், ஏதாவது ஒரு சாக்கு. கதவு மூடியே இருக்க விட மாட்டார்கள். தியாகராய நகரிலேயே அதிகம் சாவி கொடுக்கப்பட்ட கடிகாரம் அந்த அறைக் கடிகாரமாகத்தான் இருக்க வேண்டும். சரோஜா அன்றைக்குக் கையைத் தட்டிவிட்டு வெளியே வந்தபோதுகூடக் கதவுக்கு வெளியே டம்ளரோடு நின்றவர் காதர் பாய்தானாம். இது யாரும் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை. செய்து செய்து கால் பழகிவிட்டது. உள்ளே இன்று உட்கார்ந்திருப்பவர் மானேஜர் அல்ல, சர்க்கார் அதிகாரி என்பதுகூட அந்தக் கால்களுக்கு உறைக்கவில்லை.

மூன்றாவதாக வேதாந்தம் எழுந்தார். மேஜை மேல் கைக்கு அகப்பட்ட ஃபைலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஹாலைக் கடந்து போனார்.

அதே சமயம் உள்ளே அதிகாரிக்கும் பொறுமை போயிருக்கிறது. என்ன இது, ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டிருக்கிறார்களே என்று கேட்பதற்காக அவரே எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

மானேஜர் அதைப் பார்க்கவில்லை. அவர் கண் வேதாந்தத்தின் மேல் இருந்தது. எத்தனை நாளாக அடக்கி வைத்த எரிச்சலோ, தெரியாது. பேப்பரை மடித்துத் தொடையில் ஓங்கித் தட்டி, ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"ஓய் வேதாந்தம், புத்தி இருக்கா உமக்கு? நான்தான் இங்கே வெளியே உக்காந்திருக்கேனே, அப்புறம் எதுக்கு உள்ளே போறீர்?"

சொல்லி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார். எதிரே கதவைப் பிடித்தபடி அதிகாரி.

 

அதிகாரி நிதானமாகக் கேட்டார்: "அதாவது, நீங்க வெளியே இருந்தா அவர் போக வேண்டாம். நீங்க உள்ளே இருந்தா அவர் போகணும். அப்படித்தானே சார்?"

மேடையில் மூன்று மணி நேரம் பேசுகிறவர், மடித்த பேப்பரை மறுபடி பிரித்து விசிறிக்கொண்டார்.

அதிகாரி கை நீட்டி வேதாந்தத்தின் ஃபைலை வாங்கிப் பிரித்தார். போன வருஷத்து மாத்திரை விலைப் பட்டியல். ஒன்றுக்கும் உதவாதது. "இதை எதுக்கு இப்போ கொண்டு வந்தீங்க?" என்றார்.

வேதாந்தத்தின் திருமண் வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது. மானேஜரைப் பார்த்தார். பெஞ்சியில் இருந்த சரோஜாவைப் பார்த்தார். அறைக்குள் நோட்டோடு நின்ற ஸ்டெல்லாவைப் பார்த்தார். கடைசியில் வாயைத் திறந்தார்.

"வழக்கம் சார்."

"எது வழக்கம்?"

"பொண்ணு யாராவது உள்ளே போனா, நாங்களும் போறது."

"சரோஜா வந்ததுலேர்ந்தா?"

 "இல்லே சார். சரோஜாவுக்கு முன்னாடி ஒரு பொண்ணு இருந்தா. அவ நாள்லேர்ந்து."

அதிகாரி திரும்பி, எழுதிக்கொள்ளும்படி ஸ்டெல்லாவிடம் கை காட்டினார். அந்தச் சின்னப் பெண் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள்.  "முதல்லேருந்து மெதுவா சொல்லுங்க சார். ஒண்ணும் விடாம எழுதணும்" என்றாள் வேதாந்தத்திடம்.

வேதாந்தம் சொன்னார். அவர் சொன்ன பிறகு டெஸ்பாட்ச் குமாஸ்தாவுக்கும் ஞாபகசக்தி திரும்பியது. மெமோ கொடுப்பதற்காகவே, சரியாக அடித்த கடிதங்களை மானேஜர் திருத்திவிட்டுத் தப்பு என்று காட்டச் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒருவர் பேசினால் மற்றவர்களும் பேசுவார்கள். அந்த முதல் ஆளாக இருக்கத்தான் நம் ஊரில் பஞ்சம்.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் காதர் பாய் நின்றார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இத்தனை தெரிந்தும் முதலில் ஏன் தெரியாது என்று சொன்னீர்கள் என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பேசுனா வேல பூடும்மா. தண்ணி கொண்டாந்தா பூடாது. அதான் தண்ணி கொண்டாந்துகினு இருந்தோம்" என்றார்.

  அவர்கள் போன ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்களுக்கு ஒரு மூச்சு கிடைத்தது, அது நிஜம். ஆனால் இதுவும் நிஜம்தானே — ஒரு பெண் போனாள், இரண்டாவது பெண்ணைத் துரத்தினார்கள், மூன்றாவது பெண் வந்தாள். கதவும் அதே கதவு, கையும் அதே கை. டம்ளரை நிரப்பத் தெரிந்தவர்களுக்கு ஒரு வாக்கியம் பேசத் தெரியவில்லை. சட்டம் வாயைத் திறந்து சொல்லச் சொல்கிறது. நாம் சத்தமில்லாமல் நல்லவர்களாக இருந்துவிட்டுப் போகிறோம். இப்படிப்பட்ட நல்லவர்கள் பத்துப் பேர் கூட இருந்தால், ஒரு கெட்டவன் நிம்மதியாகப் பென்ஷன் வாங்குகிற வரைக்கும் மானேஜராக இருக்கலாம்.

போன மாதம் உத்தரவு வந்தது. சரோஜாவை நீக்கியதற்குத் தகுந்த காரணம் இல்லை, நீக்கியது செல்லாது. டிராயிங் மாஸ்டருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது; மகள் இடையில் கொஞ்ச நாள் லீவில் இருந்தாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவள் ஆபீஸ் கிளம்பிய அன்று காலை என் வீட்டு வாசலில் நின்று, "போயிட்டு வரேன் மாமி" என்றாள். தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒளிப்பானேன்?

மானேஜருக்கு? ஒன்றுமில்லை. உத்தரவில் அவரைப் பற்றி ஒரு வரி கிடையாது. அவர் செய்ததற்குத்தான் அந்தச் சட்டத்தில் பெயரே இல்லையே! முதலாளி அடையாற்றில் பங்களாவில் இருக்கிறார். 'வியாபாரம் தெரிந்தவர், பழைய மனுஷர், விட முடியாது' என்றாராம். ஒரே ஒரு காரியம் செய்தார். மானேஜர் அறையின் ஸ்பிரிங் கதவைக் கழற்றிவிட்டார். காற்றோட்டம் போதவில்லையாம். பன்னிரண்டு மாசமும் போதாத காற்று, உத்தரவு வந்த வாரத்தில்தான் முதலாளிக்கு ஞாபகம் வந்தது.

இப்போது மானேஜர் ஹாலுக்கே வந்து, எல்லார் காதிலும் விழும்படி டிக்டேட் செய்கிறார் என்று சரோஜா சொன்னாள். அறைக்குள் இருந்த கடிகாரம் நின்றுவிட்டதாம். சாவி கொடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அந்த மனுஷர்தான் வருகிற சனிக்கிழமை பெண்மையைப் போற்றப் போகிறார். சங்கத்துக் காரியதரிசி அம்மாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சங்கடப்பட்டார். "அழைப்பிதழ் அச்சாயிடுத்தே மாமி" என்றார். அச்சானதை மாற்ற முடியாதுதான். வேதவாக்கு அல்லவா?

மேடையில் எனக்கு அவர் பக்கத்து நாற்காலியாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் என்ன பேசுவேன் என்பதை, இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காரியதரிசி அம்மாளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன்.

நான் மேடையில் இருக்கும் வரைக்கும் யாராவது ஒருவர் தண்ணீர் கொண்டுவந்துகொண்டே இருக்க வேண்டும்.